கண்ணாடிக்கு முன்னால் ஒரு தட்டி

பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு வரும் கேள்வி ஒன்றுதான்: சாதாரண ஒற்றைக் கண்ணாடி போதுமா, டபுள் கிளாஸ் போடுவதா? அலுமினிய வேலை செய்கிறவர் ஒரு விலை சொல்வார். யு.பி.வி.சி. ஜன்னல் விற்கிறவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்லி, டபுள் கிளாஸ் போட்டால் வெக்கையே உள்ளே வராது என்பார். இரண்டையும் கேட்டவர், காசு இருந்தால் டபுள், இல்லாவிட்டால் சிங்கிள் என்று முடிவெடுப்பார். விலை கூடினது எல்லா இடத்துக்கும் நல்லது என்ற நம்பிக்கைதான் அந்த முடிவின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை அன்னவாசல் வெயிலுக்குப் பொருந்தாது என்பதை இந்தப் பதிவில் கணக்கோடு சொல்லப் பார்க்கிறேன். என் முடிவை முன்கூட்டியே வைத்துவிடுகிறேன். நம் ஊரில் பால்கனிக் கண்ணாடி ஒன்றா இரண்டா என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கண்ணாடிமேல் வெயில் விழுகிறதா, விழாமல் வெளியிலேயே நிற்கிறதா என்பது முதல் கேள்வி. முதலாவதற்குப் பதில் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைக் கண்ணாடியே போதும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதற்கு மட்டும் பணம் கொட்டுகிறவர்களுக்கு டபுள் கிளாஸும் உதவாது.

டபுள் கிளாஸ் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காற்றை அடைத்து ஓரத்தை மூடும் யோசனைக்கு அமெரிக்காவில் 1865-லேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். அது குளிருக்குப் பிறந்த பொருள். கண்ணாடி வெப்பத்தை எளிதாகக் கடத்தும். அசையாமல் நிற்கும் காற்று அதைப்போல நாற்பதில் ஒரு பங்குதான் கடத்தும். வெளியே மைனஸ் பத்து டிகிரி, உள்ளே ஹீட்டர் போட்டு இருபத்தொரு டிகிரி என்று முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வித்தியாசம் மாதக்கணக்கில் நிற்கும் நாடுகளில், அந்தக் காற்றடைப்பு வீட்டுச் சூட்டை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் பின்லாந்து போன்ற நாட்டில்கூட, ஹீட்டர் இருக்கும் அறைகளுக்குத்தான் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. சூடேற்றாத பால்கனிக்கு, ஒதுக்கித் திறக்கக்கூடிய ஒற்றைக் கண்ணாடிப் பலகைகளைப் போடுவது அங்கே பரவலான வழக்கம். ஒரு பக்கம் சூடாகவோ குளிராகவோ காசு செலவழித்து வைத்திருக்கும் காற்று இருந்தால்தான் அதைக் காப்பதற்கு அடைப்பு வேண்டும். இல்லாத இடத்தில் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் இந்த வித்தியாசம் எவ்வளவு? சித்திரை வைகாசியில் வெளியே 38, 40 டிகிரி. ஏ.சி. போட்ட அறை 26 டிகிரி. பன்னிரண்டு, பதினான்கு டிகிரிதான் வித்தியாசம். அதுவும் நாளில் சில மணி நேரம். ஏ.சி. இல்லாத பால்கனியில் அதுவும் இல்லை.

அப்படியானால் மேற்குப் பார்த்த பால்கனி நான்கு மணிக்கு அனலாய்க் கொதிப்பது எதனால்? கண்ணாடி வழியாகச் சூடு வருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெளிக்காற்றின் சூடு கண்ணாடியைத் தொட்டு மெல்ல உள்ளே கடத்தப்படுவது. இதை அளக்கும் எண்ணுக்கு யு-மதிப்பு என்று பெயர். சாதாரண 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.7. நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று வைத்த சாதாரண டபுள் கிளாஸுக்கு 2.8. பாதியாகக் குறைகிறது, கடைக்காரர் சொல்வது இந்த அளவுக்கு உண்மை. இரண்டாவது வழி, வெயில் ஒளியாகவே கண்ணாடியைக் கடந்து வந்து, தரையிலும் சுவரிலும் சோபாவிலும் விழுந்து அங்கே சூடாக மாறுவது. இதற்கு எஸ்.எச்.ஜி.சி. என்ற இன்னொரு எண் உண்டு. விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே சூடாகச் சேர்கிறது என்பதை அது சொல்லும். ஒற்றைத் தெளிவான கண்ணாடிக்கு அது 0.82, சாதாரண டபுள் கிளாஸுக்கு 0.70. இங்கே பாதியெல்லாம் குறையவில்லை. நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது, அவ்வளவுதான். இரண்டாவது தகடும் தெளிவான கண்ணாடிதானே, அதன் வழியாகவும் வெளிச்சம் வரத்தானே செய்யும்?

இனி இவ்விரண்டு வழியில் எது பெரியது என்று பார்ப்போம். பத்தடி நீளம், ஐந்தடி உயரத்துக்குக் கண்ணாடி போட்ட மேற்குப் பால்கனி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் பரப்பு சுமார் நாலரைச் சதுர மீட்டர். கோடை மாலையில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாகத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கண்ணாடி வழியாக வெயிலாக மட்டும் உள்ளே வருவது 2,200 வாட். பன்னிரண்டு டிகிரி வித்தியாசத்தில் காற்றின் சூடாகக் கடத்தப்பட்டு வருவது 300 வாட். ஆக 2,500 வாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய சூடு 3,500 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். இப்போது சாதாரண டபுள் கிளாஸுக்கு மாற்றுவோம். வெயில் 1,900 வாட், கடத்தல் 150 வாட், மொத்தம் 2,050. இவ்வளவு செலவு செய்தும் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையவில்லை. அடுத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு பூசிய, சோலார் கண்ட்ரோல் லோ-ஈ என்று சொல்லப்படும் நல்ல ரக டபுள் கிளாஸ். அதன் எஸ்.எச்.ஜி.சி. 0.28, யு-மதிப்பு 1.8 என்று கொண்டால், வெயில் 750, கடத்தல் 100. மொத்தம் 850 வாட். இது நிஜமான முன்னேற்றம். ஆனால் இதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அந்தப் பூச்சுக்கு. நடுவில் அடைத்த காற்றுக்குச் சிறு பங்குதான்.

கடைசியாக ஒரு கணக்கு. அதே மலிவான ஒற்றைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே ஐந்தில் நான்கு பங்கு வெயிலைத் தடுக்கும் ஒரு தட்டியைத் தொங்கவிடுங்கள். நெருக்கமாகப் பின்னிய மூங்கில் தட்டியாக இருக்கலாம். நாற்றுப் பண்ணைகளில் கட்டும் நிழல் வலையாகவும் இருக்கலாம்; அது 50, 75, 90 சதவீதம் என்று நிழல் அளவைச் சொல்லியே விற்கப்படுகிறது. இப்போது கண்ணாடி வழியாக வரும் வெயில் 2,200-லிருந்து சுமார் 440 வாட்டாக இறங்குகிறது. கடத்தல் அதே 300. மொத்தம் 740 வாட். ஊரிலேயே உயர்ந்த விலைக் கண்ணாடியை வெயிலில் நிற்க வைத்ததைவிட, சாதாரணக் கண்ணாடியை நிழலில் வைத்தது நன்றாக வேலை செய்கிறது. நான் எடுத்துக்கொண்ட எண்கள் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். சாய்வாக விழும் வெயிலில் கொஞ்சம் குறையும். ஆனால் வரிசை மாறாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை எதிர்த்துப் போராடுவதைவிட, கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்துவது எளிது, மலிவு, உறுதி.

ஏ.சி. இல்லாத பால்கனியில் கதை இன்னும் ஒரு படி மாறுகிறது. இதைத்தான் விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. வெயில் ஒளியை உள்ளே விடும் கண்ணாடி, உள்ளே சூடான தரையும் சுவரும் வெளியிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பது அதுதான். அப்படிச் சேர்ந்த சூடு வெளியேற இரண்டு வழிதான்: திறப்புகள் வழியாகக் காற்றோடு போக வேண்டும், அல்லது கண்ணாடி வழியாகவே கடத்தப்பட்டு மெல்ல வெளியேற வேண்டும். ஒற்றைக் கண்ணாடிக்குப் பதில் சாதாரண டபுள் கிளாஸ் போடும்போது, உள்ளே வரும் வெயில் நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது. வெளியேறும் வழியோ பாதியாகச் சுருங்குகிறது. பூட்டிக் கிடக்கும் பால்கனியில் இதன் பலன், பகலில் சேர்ந்த சூடு சூரியன் மறைந்த பிறகும் உள்ளேயே தங்குவது. அன்னவாசலில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு வெளியே கொஞ்சம் காற்று இறங்கும் நேரத்தில், அந்தப் பால்கனி மட்டும் படுக்கையறைச் சுவரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சூட்டைப் பிடித்து வைப்பதற்கென்று கண்டுபிடித்த பொருள், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதை வேண்டாத இடத்தில் வைத்தது நம் தவறு.

“நாங்கள் ஏ.சி. போடத்தான் போகிறோம், பால்கனியை அறையோடு சேர்த்துவிடப் போகிறோம்” என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பதில் இது. நடுச்சுவரை எடுத்துவிட்டு, பால்கனியை அறையின் ஒரு பகுதியாக்கி, தினமும் பல மணி நேரம் ஏ.சி. ஓட்டுவதானால் டபுள் கிளாஸுக்கு அங்கே வேலை இருக்கிறது. குளிர்ந்த காற்று ஒரு பக்கம், அனல்காற்று ஒரு பக்கம் என்ற நிலை அப்போதுதான் உண்டாகிறது. அந்த வீட்டுக்கு நான் சொல்வது: டபுள் கிளாஸே போடுங்கள், ஆனால் பூச்சு இல்லாத சாதாரண டபுள் கிளாஸில் பணத்தை முடக்காதீர்கள். எஸ்.எச்.ஜி.சி. 0.30-க்குள் இருக்கும் கண்ணாடியாகக் கேளுங்கள். ஃபிரேமையும் கவனியுங்கள். அலுமினியம் வெப்பத்தைக் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் கடத்தும். உயர்ந்த கண்ணாடியைச் சாதாரண அலுமினியச் செக்‌ஷனில் மாட்டினால், கண்ணாடி தடுத்த சூட்டில் ஒரு பங்கு ஃபிரேம் வழியாக வந்துவிடும், யு.பி.வி.சி. அல்லது மரம் அந்த இடத்தில் பொருத்தம். இவ்வளவு செய்த பிறகும் வெளியே ஒரு நிழல் வேண்டும். 850 வாட்டை இன்னும் இறக்க அதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்து, தட்டி கட்டினால் வீட்டு முகப்பு அழகு கெட்டுவிடும், உள்ளே திரையும் சன் பிலிமும் போட்டுக்கொள்கிறோம் என்ற எதிர்வாதம். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் திரைச்சீலை வெயிலைப் பிடிக்கும்போது வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. திரை சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும். கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே கொதிக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியும். அந்தக் கொதிப்பில் ஒரு பங்கு உள்பக்கமாகவே வரும், வெளிச்சமும் போய்விடும். வெயிலைத் திருப்பும் நல்ல பிலிம் ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் டபுள் கிளாஸின் உள்தகட்டில் அடர்ந்த பிலிம் ஒட்டினால், சூடு நடுவில் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும் அபாயம் உண்டு. நிழலுக்கு அழகான வழிகளும் இருக்கின்றன. நகரும் மரச் சட்டங்கள், அலுமினிய லூவர், கேரளத்தில் லாரி பேக்கர் தன் வீடுகளில் விரும்பிப் பயன்படுத்திய ஓட்டை விட்ட செங்கல் சுவர், கொடி படர்ந்த கம்பிவலை, இடம் இருந்தால் மேற்கே ஒரு புங்கமரம். மரம் வளர ஆண்டுகள் ஆகும்தான். வளர்ந்த பிறகு எந்தக் கண்ணாடியும் செய்ய முடியாததைச் செய்யும்.

எந்தப் பக்கப் பால்கனி என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். நம் ஊர் இருக்கும் இடத்தை வைத்து இதைச் சரியாகச் சொல்ல முடியும். அன்னவாசல் வடக்கே பத்தரை டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மறுபடி ஆவணியில் நிற்கும். நடுவில் உள்ள நான்கு மாதம் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், வெயில் படாது என்று நினைக்கும் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். ஆனால் அது செங்குத்தான வெயில். சின்ன சன்ஷேடே தடுத்துவிடும். தெற்குப் பக்கம் வெயில் அதிகம் சாய்வது மார்கழியில். அப்போதும் நண்பகல் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் தரும். எனவே வடக்கு, தெற்குப் பால்கனிகளுக்கு மேல்தளம் கொஞ்சம் நீண்டிருந்தாலே போதும், ஒற்றைக் கண்ணாடியோடு நிம்மதியாக இருக்கலாம். மேற்குதான் சோதனை. சித்திரையில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் இருபது டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேடு அப்போது முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். மிச்சமெல்லாம் நேராக உள்ளே பாயும். மேற்கில் தலைக்கு மேல் நீளும் நிழலால் பயனில்லை, முகத்துக்கு நேரே செங்குத்தாக நிற்கும் மறைப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கிழக்குக்கும் இதே கணக்கு. ஆனால் காலையில் வீடு குளிர்ந்திருப்பதால் அது அவ்வளவு உறைக்காது.

மேற்குப் பக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆடிக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்து, ஆனியிலிருந்து ஆவணி வரை நம் பொட்டல்வெளிகளில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசுகிறது. ஆக, வீட்டை அதிகம் சுடுவதும் அதிகம் ஆற்றுவதும் ஒரே திசை. இந்த இக்கட்டில் பூட்டிவிடும் கண்ணாடி, வெயிலை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் நிறுத்துகிறது. தலைகீழான தேர்வு அது. வெயிலை நிறுத்திக் காற்றை விடும் பொருள்தான் நமக்கு வேண்டும். தட்டி, லூவர், ஓட்டைச் சுவர் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இது பழமைப் பற்றால் சொல்வது இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதிநூல், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 167 சதுர அடி. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘திறக்கக்கூடிய’ என்பது. இரண்டு தடத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னல் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். படுக்கையறை ஜன்னல் பால்கனியைப் பார்த்திருந்தால், பால்கனியை ஸ்லைடிங்கால் அடைத்த அன்றே அந்த அறைக்கு வரும் காற்றும் பாதியாகிறது. கீல் வைத்துத் திறக்கும் கதவோ, மடக்கி ஓரம் தள்ளும் பலகையோ இந்த இழப்பைத் தவிர்க்கும். அந்த வகைத் திறப்புக்கு ஒற்றைக் கண்ணாடியின் குறைந்த எடை ஒரு சௌகரியம்.

வீட்டுக்கு முன்னால் நிழலான, திறந்த, கூரையுள்ள ஓர் இடம் வேண்டும் என்பதை இந்தப் பகுதி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் குடைந்த அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியரான இளங்கௌதமன் புதுப்பித்து முன்னால் ஒரு முகமண்டபம் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அவர் மேற்கு வெயிலை நினைத்துத்தான் அதைக் கட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன், அது திருப்பணி. ஆனால் முகமண்டபம், வீட்டுத் திண்ணை, செட்டிநாட்டு வீடுகளின் முகப்பு ஆகிய எல்லாம் ஒரே அறிவைச் சுமக்கின்றன: வாசலுக்கும் வெளிக்கும் நடுவே நிழல் ஒன்று நிற்க வேண்டும், அதன் வழியாகக் காற்று தடையில்லாமல் போய்வர வேண்டும். இன்றைய பால்கனி அந்தத் திண்ணையின் மாடி வடிவம். அதன் வேலை உள்ளறைகளுக்கு நிழல் தருவது. அதைக் கண்ணாடிப் பெட்டியாக்கினால், நிழல் தந்த இடமே சூடு தரும் இடமாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. புழுதி, ஐப்பசி கார்த்திகை மழையின் சாரல், கொசு, குரங்கு, திருட்டுப் பயம். பால்கனியை அடைக்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோரின் காரணம் இவைதான், சூடு இல்லை. வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் இந்தக் காரணங்கள் மிக நியாயமானவை. ஆனால் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். கொசுவுக்கு வலை, குரங்குக்கும் திருட்டுக்கும் கிரில். சாரலுக்கும் புழுதிக்கும்தான் கண்ணாடி. அதுவும் ஆண்டில் சில வாரம், நாளில் சில மணி நேரம். இந்த ஐந்தில் எதற்கும் இரண்டாவது தகடு தேவைப்படவில்லை. சாரல் ஒற்றைக் கண்ணாடியிலும் நிற்கும், புழுதி அதன் ரப்பர் ஓரத்திலும் நிற்கும். ஆகவே கிரில், வலை, தேவைப்படும்போது மூடிக்கொள்ளும் ஒற்றைக் கண்ணாடி, வெளியே நிழல் என்ற அடுக்கு, அடைக்க விரும்புகிறவரின் எல்லாக் காரணத்துக்கும் பதில் சொல்கிறது. அடைப்பதே தவறு என்பது என் வாதம் இல்லை. எப்போதும் பூட்டியே இருக்கும்படி அடைப்பதுதான் தவறு.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி வீடு உள்ளவர்கள், ஹாரன் சத்தத்துக்காக டபுள் கிளாஸ் வேண்டும் என்பார்கள். 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி குறைக்கும் சத்தம் சுமார் 31 டெசிபல். இரண்டு 6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் காற்று வைத்ததில் 33. காதால் அரிதாகவே உணரக்கூடிய வித்தியாசம். இரண்டு தகடும் ஒரே தடிமனாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் அதிரும் என்பதுதான் காரணம். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் ஒற்றைக் கண்ணாடியே இதற்கு ஈடாகும். ஃபிரேமைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைப்பது இரண்டையும்விட முக்கியம்.

மொட்டை மாடிக்கு வருவோம். மாடியில் ஓர் அறை மாதிரி எழுப்பி, மேலேயும் கண்ணாடி போடும் ஆசை இப்போது பரவுகிறது. இங்கே என் கருத்தில் தயக்கமே இல்லை: அன்னவாசலில் கண்ணாடிக் கூரை வேண்டாம். உச்சி வெயிலில் கிடைமட்டப் பரப்பில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் அளவுக்கு விழும். மேற்குச் சுவரில் மாலையில் விழுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மேற்குக் கண்ணாடிக்காவது காலையில் ஓய்வு உண்டு, கூரைக்கு நாள் முழுக்க வேலை. டபுள் கிளாஸாக இருந்தாலும் பூச்சுள்ளதாக இருந்தாலும், அந்த அறை பகலில் உட்கார முடியாததாகவே இருக்கும். மாடிக்கு வேண்டியது ஒளி புகாத, வெப்பம் கடத்தாத கூரை, பக்கவாட்டில் திறப்பு. அதே விதிநூல் கூரைக்கு யு-மதிப்பு 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. நல்ல டபுள் கிளாஸின் 1.8 கூட இந்த வரம்புக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, அல்லது தெர்மாகோல் போன்ற வெப்பத்தடுப்பு நடுவில் வைத்த ஷீட், அதன் கீழே நான்கு பக்கமும் காற்று வரும்படி அரைச்சுவர். இதுதான் நம் மாடிக்கு ஏற்றது. கண்ணாடி அவசியம் வேண்டுமானால் பக்கச் சுவரில், வடக்கு முகமாக வையுங்கள்.

உயரத்தில் கண்ணாடி மாட்டும்போது காற்றையும் எடையையும் கணக்கில் எடுக்காமல் விடக்கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் செய்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, இந்தியத் தரநிலைச் சூத்திரப்படி, சதுர மீட்டருக்கு 68 கிலோ எடை சாய்ந்தது போல அழுத்தும். நாம் கணக்கிட்ட பால்கனியில் மொத்தம் 300 கிலோ. அதைத் தாங்க வேண்டியவை ஃபிரேமும் சுவரில் இறங்கிய ஆங்கர் போல்ட்டும்தான். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியால் அந்தப் பால்கனியின் விளிம்பில் ஏறுவது 68 கிலோ. டபுள் கிளாஸால் 135 கிலோ, ஃபிரேம் தனி. தூண் இல்லாமல் வெளியே நீண்டு நிற்கும் தளத்தின் நுனியில்தான் இந்த எடை முழுதும் உட்காரும். பழைய வீடு என்றால் பொறியாளரிடம் காட்டாமல் டபுள் கிளாஸ் ஏற்றாதீர்கள். எந்த வகையானாலும் டஃபன்டு கிளாஸாகக் கேளுங்கள். கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் லேமினேட்டட் இன்னும் நல்லது. டஃபன்டு கிளாஸ் உடைந்தால் சிறு துண்டுகளாகக் கொட்டும், லேமினேட்டட் உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பராமரிப்பிலும் ஒற்றைக்கே சாதகம். டபுள் கிளாஸின் உயிர் அதன் ஓரத்துச் சீலில் இருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகளை வைத்து, ஓரத்தைப் பசையால் மூடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்து அந்தச் சீல் விட்டுப்போனால் ஈரக்காற்று நுழைந்து, இரண்டு தகடுக்கும் நடுவே பனி படியும். வெளியிலிருந்தும் துடைக்க முடியாது, உள்ளிருந்தும் முடியாது. முழுத் தொகுதியையும் மாற்றத்தான் வேண்டும். தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்யும் பொருள் என்பதால் ஊர்க் கண்ணாடிக் கடையில் வெட்டி மாட்டவும் முடியாது. நிழலில் வைத்த டபுள் கிளாஸ் இந்த விஷயத்திலும் நீடித்து உழைக்கும். எப்படிச் சுற்றினாலும் நிழலுக்கே வந்து நிற்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் டபுள் கிளாஸ்தான் என்று முடிவெடுக்கும் சூழ்நிலை உங்களுடையதாக இருந்தால், விலைப்பட்டியலில் இரண்டு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: யு-மதிப்பு, எஸ்.எச்.ஜி.சி. டபுள் என்ற சொல்லுக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். மாட்டிய அன்று இருட்டியதும் ஒரு மெழுகுவர்த்திச் சுடரைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பாருங்கள். நான்கு பிம்பங்கள் தெரியும். அவற்றில் ஒன்று நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. நம்மைப் போன்ற வெயில் ஊரில் அந்தப் பூச்சு வெளித்தகட்டின் உள்முகத்தில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது பிம்பம் அது. தவறித் திருப்பி மாட்டினால் பூச்சு பிடித்த சூடு வீட்டுப் பக்கம் வந்துவிடும்.

மற்றவர்களுக்கு, அதாவது நம் ஊரில் பால்கனி வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு, செலவின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் நிழல், அடுத்து முழுதாகத் திறக்கும் ஜன்னல், அதன் பிறகு வலையும் கிரிலும், கடைசியில் கண்ணாடி. இந்த வரிசையில் போனால் கண்ணாடி வாங்கும் கட்டத்தில் சாதாரண ஒற்றைக் கண்ணாடியே போதும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்குக் கண்ணாடியே தேவைப்படாமலும் போகலாம். இப்போது வெயில் காலத்தில் முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரம் மேற்குப் பக்கம் ஒரு தட்டியை வாங்கி வெளியே தொங்கவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பால்கனித் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்பதை அந்தத் தரையே சொல்லிவிடும்.